ஒன்றுபட்ட தேசத்துக்கு எத்தனை சிப்பாய்கள் வேண்டும்?

ஒரு தேசத்துக்கு எத்தனை சிப்பாய்கள் இருந்தால் போதும்? பாரதக் கதை கேட்டு வளர்ந்த நம்மவர்க்குப் பதினெட்டு அக்குரோணி என்னும் கணக்கு நுனி நாவில் நிற்கிறது. ஒரு பக்கம் பதினொன்று, மறு பக்கம் ஏழு. அத்தனை யானைக்கும் குதிரைக்கும் புல்லும் நீரும் எங்கிருந்து வந்தன என்று கதை சொன்னவரும் சொல்லவில்லை, கேட்டவரும் கேட்கவில்லை. வள்ளுவர் படைமாட்சி என்று ஓர் அதிகாரமே வகுத்தார். எலிக் கூட்டத்தின் ஆரவாரத்தை அங்கே எள்ளி நகையாடினார். ஆயினும் இத்தனை பேர் என்று ஓர் எண்ணை அவர் குறிக்கவில்லை. குறிக்காமல் விட்டதை அவருடைய அறிவுக்கு அடையாளமாகவே நாம் கொள்கிறோம்.

சர்க்கார் நடத்துகிறவருக்கோ அந்தச் சலுகை கிடையாது. சம்பளம் எத்தனை பேருக்கு, சப்பாத்து எத்தனை ஜோடி, அரிசியோ ரொட்டியோ எத்தனை மூட்டை என்று ஆண்டுதோறும் எண்ணாகச் சொல்லியே தீர வேண்டும். அதிலும், இரண்டாகப் பிளந்து நாற்பதாண்டு ஒன்றன்மேல் ஒன்று துப்பாக்கி நீட்டிக்கொண்டிருந்த தேசம் மறுபடி ஒன்றாகுமானால் சங்கடம் இரட்டிப்பாகும். இரண்டு சேனைகளையும் கூட்டினால் அண்டை நாட்டார் நடுங்குவர். குறைத்தாலோ எவரைக் குறைப்பது என்னும் வழக்கு எழும். இந்தச் சங்கடத்துக்கு 1990-ஆம் ஆண்டில் ஜெர்மானியர் ஒரு விடை கண்டனர். அவ்விடை 370,000 என்பது. அது எந்தப் போர்க்கலை நூலிலிருந்தும் எடுத்த எண் அன்று. அயலாரின் அச்சத்தைப் பார்த்து, பணப்பையைத் தடவி, தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகளையும் எண்ணி, பேரம் பேசிக் கண்ட எண் அது. அவ்வாறு கண்டதனாலேயே அது நிலைத்தது என்பது நம் கட்சி. அதே பேரத்தில் எவரும் வாய் திறந்து பேசாத ஒரு பகுதியும் உண்டு. அதையும் இங்கே எழுதவே எண்ணுகிறோம்.

இதற்கு முன் அந்தத் தேசம் இரண்டு முறை சேனைக்கு எண் குறித்துக் கெட்டிருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

ஜெர்மன் ராஜ்யங்கள் பல ஒன்றாகி ஒரு சாம்ராஜ்யம் ஆனது 1871-இல். அப்போது ஏற்பட்ட அரசியல் சட்டத்தின் 60-ஆவது ஷரத்து சேனையின் அளவை வெகு சுலபமாகத் தீர்த்துவிட்டது. 1867-ஆம் ஆண்டு ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர் சிப்பாய், ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 225 தாலர் வீதம் சக்கரவர்த்தி கையில் பணம், தீர்ந்தது கணக்கு. நூற்றுக்கு முக்கால் ஏன் ஆகாது, ஒன்றரை ஏன் ஆகாது என்றால், வாய்ப்பாட்டுக்கு இசைந்த எண் நூற்றுக்கு ஒன்று என்பதற்கு மேல் நமக்குக் காரணம் புலப்படவில்லை. தற்காலிகமாக வந்த அந்த விகிதம் நீட்டிக்கப்பட்டு, 1874-இல் 401,659 என்னும் எண்ணாக ஏழாண்டுக்குச் சட்டமாயிற்று. பார்லிமெண்டு ஆண்டுதோறும் கேள்வி கேட்க வேண்டியதை ஏழாண்டுக்கு ஒருமுறை கேட்டால் போதும் என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள். கடைசி ஐம்பத்தொன்பது பேரையும் விடாமல் எண்ணிய துல்லியத்தைக் கண்டு, கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்குச் சிறிது மகிழ்ச்சி உண்டாகாமல் இல்லை. ஆயினும் துல்லியம் வேறு, நியாயம் வேறு.

ஏழாண்டு கழிந்ததும் எண் ஏறியது. 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 427,274. அடுத்து 468,409 வேண்டும் என்று கேட்டபோது பார்லிமெண்டு முரண்டு பிடித்தது. 1887 ஜனவரியில் பிஸ்மார்க் அதைக் கலைத்து, புதுத் தேர்தல் நடத்தி, வேண்டியதைப் பெற்றார். 1893-இல் அவருக்குப் பின் வந்த காப்ரிவியும் சேனைச் சட்டத்துக்காகவே பார்லிமெண்டைக் கலைத்தார். 1913-இல் சிப்பாய்களின் எண் ஆறரை லட்சத்தைத் தாண்டியது. பிரான்சைப் பாருங்கள், ருஷ்யாவைப் பாருங்கள் என்பதே பெர்லினில் சொல்லப்பட்ட நியாயம். பாரிஸில் ஜெர்மனியைப் பாருங்கள் என்றார்கள். ஆங்கிலப் பள்ளியில் நாம் படித்த சரித்திரப் பாடத்தில் பிஸ்மார்க்கின் மீசைக்கும் தலைக்கவசத்துக்கும் இடம் இருந்தது. இந்த 225 தாலருக்கு இடம் இல்லை. யுத்தம் வந்த பிறகு இறந்தவரை எண்ணக் கற்பித்தார்கள். யுத்தத்துக்கு முன் உயிரோடிருந்தவரை எப்படி எண்ணினார்கள் என்பதைக் கற்பிக்கவில்லை.

இரண்டாம் முறை எண்ணைக் குறித்தது பிறர் கை. 1919-ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கையில், தோற்ற ஜெர்மனியின் தரைப்படை 100,000 பேருக்கு மேற்படலாகாது, அதில் அதிகாரிகள் 4,000-க்கு மேற்படலாகாது என்று வென்றவர் எழுதினர். பயிற்சி பெற்றவர் ஆண்டுதோறும் வெளியேறி ரகசியமாகப் பெருகிவிடக் கூடாது என்று, சிப்பாய் பன்னிரண்டு ஆண்டும் அதிகாரி இருபத்தைந்து ஆண்டும் சேவையில் இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை வேறு. எத்தனை சாமர்த்தியம்! ஆனால் அவமானத்தோடு சேர்த்து ஊட்டிய மருந்து வயிற்றில் தங்குமா? ஒவ்வொரு சிப்பாயையும் நாளைய அதிகாரியாகவே பழக்கினார்கள். விமானம் கூடாது என்ற தடையை மீறி, சோவியத் நாட்டில் லிபெட்ஸ்க் என்னும் ஊரில் மறைவாகப் பறக்கக் கற்றார்கள். 1935 மார்ச் 16-ஆம் தேதி ஹிட்லர் கட்டாயச் சேவையை அறிவித்து 36 டிவிஷன்கள் என்றபோது, அந்த நூறாயிரம் வித்தாகவே பயன்பட்டது. அதன் முடிவில் 1946-இல் நேச நாடுகள் எழுதிய எண் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யம் பத்தாண்டு கூட நிற்கவில்லை. தேசம் இரண்டாகியிருந்தது. மேற்கு ஜெர்மனி 1955-இல் நேட்டோவில் சேர்ந்து, அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் தேதி 101 பேரைக் கொண்டு தன் கூட்டரசுச் சேனையைத் தொடங்கிற்று. கிழக்கு ஜெர்மனி மறு ஆண்டு தேசிய மக்கள் சேனை என்ற பெயரில் தன் பங்குக்கு ஒன்றை அமைத்தது. மேற்கே 1956-இலும், பெர்லின் சுவர் எழுந்த பிறகு கிழக்கே 1962-இலும் கட்டாயச் சேவை வந்தது. ஒரே பாஷை பேசுகிற பெற்றோர் பெற்ற பிள்ளைகள், சிற்றப்பன் மகனும் பெரியப்பன் மகனுமாக, எதிரெதிர்ப் பாசறைகளில் எல்லைக்கோட்டைப் பார்த்துக் காவல் நின்றனர்.

1989 நவம்பர் 9-ஆம் தேதி சுவர் திறந்தது. அன்றைய கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்ப்போம். மேற்குச் சேனை ஏறக்குறைய 495,000. கிழக்குச் சேனை ஏறக்குறைய 170,000. இரண்டும் சேர்ந்தால் 665,000. கிழக்கே நின்ற சோவியத் துருப்புகள் சுமார் 340,000. மேற்கே நின்ற அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுத் துருப்புகள் வேறு. நம் தீபகற்பத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறைந்த ஒரு நிலப்பரப்பில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆயுதபாணிகள்! ஒன்றாகப் போகும் ஜெர்மனியின் ஜனத்தொகை ஏழு கோடியே தொண்ணூறு லட்சம். பிஸ்மார்க் காலத்து வாய்ப்பாட்டை எடுத்தால் 790,000 சிப்பாய் வேண்டும். வெர்சேல்ஸின் வாய்ப்பாட்டை எடுத்தால் ஒரு லட்சம். இரண்டில் எதைச் சொன்னாலும் ஐரோப்பா சிரித்திருக்கும், அல்லது அழுதிருக்கும்.

கூட்டல் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்து வழக்கில் சொன்னால் நம் வாசகர்க்கு எளிதில் விளங்கும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் இரண்டை ஒரே கம்பெனி வாங்கி ஒன்றாக்கும்போது, இரண்டு செக்ரோலையும் சேர்த்துத் தைத்தால் வேலை முடிந்தது என்று புதுக் கிராணி நினைப்பார். இரண்டு பெரட்டுக் களம், இரண்டு பெரிய கங்காணி, இரண்டு விதமான வழக்கம் என்பது மறுநாள் காலையில்தான் தெரிய வரும். எத்தனை ஆள் வேண்டும் என்பதை மரத்தை எண்ணித் தீர்க்கலாம். எந்த ஆள் என்பது மரத்தை எண்ணித் தீருகிற காரியம் அன்று.

கிழக்கே அந்தச் செக்ரோலே கரைந்துகொண்டிருந்தது. 1990-ஆம் ஆண்டு பிறந்த அன்றே பீலிட்ஸ் என்னும் ஊரின் பாசறையில் சிப்பாய்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சேவைக் காலத்தைக் குறை, வீட்டுக்கருகில் பணி கொடு என்றனர். சேவை பன்னிரண்டு மாதமாகக் குறைந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். புதியவர் அந்த அளவில் வரவில்லை. மேற்கிலும் கணக்கு இடித்தது. பதினெட்டு வயது எய்தும் இளைஞர் ஆண்டுதோறும் குறைந்துவந்தனர். பதினைந்து மாதச் சேவையைப் பதினெட்டு மாதமாக நீட்டி அந்தக் குறையை நிரப்பச் சட்டம் செய்திருந்தார்கள். 1989-இல் ஜனங்களின் வெறுப்புக்கு அஞ்சி அதைக் கைவிட்டார்கள். ஆதலின் ருஷ்யர் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தாலும் 495,000 என்னும் எண் தானே இறங்கித்தான் இருக்கும். பத்தொன்பது ஆண்டுக்கு முன் பிறக்காத பிள்ளையை எந்தச் சேனாதிபதியும் அணிவகுக்க முடியாது அன்றோ?

பேரம் நடந்த விதத்தைச் சொல்வோம். ஒன்றுபட்ட ஜெர்மனி நேட்டோவில் இருக்கலாம் என்று கோர்பசேவ் இசைய வேண்டும். இரண்டாம் யுத்தத்தில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட உயிரைப் பறிகொடுத்த ஜனங்களிடம் திரும்பிப் போய் அவர் ஏதாவது சொல்லியாக வேண்டும். ஜெர்மனி நம் எதிரிக் கூட்டணியில் சேருகிறது, ஆனால் அதன் சேனை இத்தனைக்கு மேல் வளராது என்று சொல்ல ஓர் எண் தேவைப்பட்டது. பானில் இருந்த மந்திரிகளுக்குள்ளேயே அந்த எண்ணைப் பற்றி வழக்கு. பாதுகாப்பு மந்திரி ஸ்டோல்டன்பர்க் நாலு லட்சத்தை ஒட்டி நின்றார். வெளிநாட்டு மந்திரி கென்ஷர் மூன்றரை லட்சம் போதும் என்றார். பிரதம மந்திரி ஹெல்முட் கோல் நடுவில் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு 1990 ஜூலை 14-ஆம் தேதி மாஸ்கோவுக்குப் பறந்தார். மறுநாள் கோர்பசேவ் அவரைத் தம் சொந்தப் பிரதேசமான ஸ்டாவ்ரபோலுக்கும், அங்கிருந்து காக்கசஸ் மலையில் அர்ஹீஸ் என்னும் இடத்துக்கும் அழைத்துச் சென்றார். ஆற்றோரத்தில் வெட்டுமரத்தை இருக்கையாக்கி, கோல் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து பேசிய படம் உலகமெங்கும் போயிற்று. அந்தக் கம்பளிச் சட்டை பான் நகரத்துச் சரித்திரக் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜூலை 16-ஆம் தேதி எண் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது: 370,000.

நம் போன்ற கணக்கர் இந்த எண்ணின் உள்ளே சற்றுப் புகுந்து பார்க்க வேண்டும். முப்படைக்கும் சேர்த்து 370,000. அதில் தரைப்படையும் விமானப்படையும் 345,000-க்கு மேற்படலாகாது. இப்படி இரண்டு அடுக்காக எழுதியதற்குக் காரணம் உண்டு. அப்போது வியன்னாவில் ஐரோப்பிய நாடுகளின் படைக்குறைப்பு மாநாடு நடந்துகொண்டிருந்தது. அது தரையையும் ஆகாயத்தையும் பற்றியது, கடலைப் பற்றியது அன்று. ஜெர்மனி தனக்கு மட்டும் விலங்கு பூட்டப்படுவதை விரும்பவில்லை. ஆதலின் கென்ஷர் ஆகஸ்டு 30-ஆம் தேதி அந்த மாநாட்டிலே எழுந்து, நாங்களாகவே இதை அறிவிக்கிறோம், மற்றவரும் தத்தம் எண்ணைச் சொல்லுவர் என்று எதிர்பார்க்கிறோம் என்ற பொருள்படப் பேசினார். கிழக்கின் பிரதம மந்திரி டி மெசியேர் அதை வழிமொழிந்தார். செப்டம்பர் 12-ஆம் தேதி மாஸ்கோவில் இரண்டு ஜெர்மனிகளும் நான்கு வல்லரசுகளும் கையொப்பமிட்ட உடன்படிக்கையின் மூன்றாம் ஷரத்தில், அந்த அறிவிப்பே எடுத்து எழுதப்பட்டிருக்கிறது. பிறர் விதித்ததாக ஓர் எழுத்தும் இல்லை. அணுகுண்டும் நச்சுவாயுவும் நோய்க்கிருமியும் ஆகிய ஆயுதங்கள் வேண்டா என்றதும் அவர்கள் வாயாலேயே. வெர்சேல்ஸுக்கும் இதற்கும் உள்ள தூரம் இங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து கழுத்தை நெரித்த எண் பதினாறு ஆண்டில் அறுந்தது. தானே சபையில் எழுந்து சொன்ன எண் முப்பத்தைந்து ஆண்டாக மீறப்படவில்லை.

இதற்குப் பணமும் கைமாறியது, மறைப்பானேன்? சோவியத் துருப்புகள் 1994 முடிவுக்குள் வெளியேற வேண்டும். சொந்த நாட்டில் அவர்களுக்குக் குடியிருக்க வீடில்லை. செப்டம்பர் மாதத்தில் கோர்பசேவும் கோலும் டெலிபோனில் பேரம் பேசினர். முடிவில் 1200 கோடி மார்க் ரொக்கமும், வட்டியில்லாக் கடனாக 300 கோடி மார்க்கும் என்று தீர்ந்தது. இதை லஞ்சம் என்று ஏளனம் செய்தவர் உண்டு. ஒரு டாங்கிப் படையைத் திருப்பி அனுப்புவதற்கு வீடு கட்டிக் கொடுப்பதைவிட மலிவான வழி எது என்று அவர்களை நாம் கேட்கிறோம். கடைசித் துருப்பு 1994 ஆகஸ்டு 31-ஆம் தேதி விடைபெற்றது.

அதே 1990-ஆம் ஆண்டு மே 22-ஆம் தேதி, அரபு நாட்டில் வட யெமனும் தென் யெமனும் ஒன்றாயின. அங்கே கொடி ஒன்றாயிற்று, பார்லிமெண்டு ஒன்றாயிற்று. சேனைகள் மட்டும் ஒன்றாகவில்லை. வடக்குப் படைப்பிரிவு சில தெற்கே பாசறை இறங்கின. தெற்குப் படைப்பிரிவு சில வடக்கே பாசறை இறங்கின. ஒவ்வொன்றும் பழைய எஜமானுக்கே விசுவாசமாயிருந்தது. எத்தனை சிப்பாய் என்ற கேள்வியை யாரும் தீர்த்து முடிக்கவில்லை. 1994 ஏப்ரல் 27-ஆம் தேதி அம்ரான் என்னும் ஊரில் ஒரே பாசறையை ஒட்டியிருந்த டாங்கிகள் ஒன்றையொன்று சுட்டன. ஜூலை வரை உள்நாட்டு யுத்தம் நடந்து ஏடன் வீழ்ந்தது. ஜெர்மனியின் கணக்குப் புத்தகத்தைச் சலிப்பாக வாசிக்கும் நண்பர், யெமன் அதை எழுதாமல் விட்டதன் பலனை நினைத்துக்கொள்வாராக.

கொரியாவுக்கும் இந்தக் கணக்கை இப்போதே போட்டுப் பார்க்கும் அறிஞர் உளர். அந்தத் தேசம் 1953-இல் போர்நிறுத்தத்தோடு நின்றது, ஒன்றாகவில்லை. வடக்கே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சேனை, தெற்கே அதில் பாதி அளவு. ஜெர்மன் விகிதத்தை எடுத்து அங்கே பொருத்தினால் ஆயிற்று என்பார்க்கு ஒன்று சொல்வோம். ஜெர்மனியில் சின்னப் பாதியிடம் சின்னச் சேனை இருந்தது. நாலில் ஒரு பங்குதான் கலைக்க வேண்டியிருந்தது. கொரியாவில் ஏழைப் பாதியிடம், ஜனத்தொகை குறைந்த பாதியிடம், பெரிய சேனை இருக்கிறது. அங்கே எண்ணைக் குறிப்பது எளிது. எண்ணுக்கு வெளியே நிற்கப்போகிற லட்சக்கணக்கானவருக்கு மறுநாள் காலைக் கஞ்சி எது என்பதுதான் மெய்யான கணக்கு.

அந்த மெய்யான கணக்கை ஜெர்மனி எப்படித் தீர்த்தது? இங்கேதான், முன்பு நாம் சொன்ன, வாய் திறவாத பகுதி வருகிறது.

1990 ஏப்ரலில் கிழக்கில் புது மந்திரிசபை அமைந்தபோது, சேனைக்கு மந்திரியாக வந்தவர் ரெய்னர் எப்பல்மன் என்னும் பாதிரியார். வாலிபத்தில் ஆயுதம் எடுக்க மாட்டேன், சத்தியப் பிரமாணமும் செய்ய மாட்டேன் என்று மறுத்து எட்டு மாதம் சிறையிருந்தவர். அவரை அடைத்த ராஜ்யத்தின் சேனைக்கே அவர் தலைவரானார். தம் இலாகாவுக்கு ஆயுதக் குறைப்பு, பாதுகாப்பு இலாகா என்று பெயர் வைத்துக்கொண்டார். மே 2-ஆம் தேதி ஸ்ட்ரௌஸ்பர்க்கில் கூடிய தளபதிகளிடம், தேசம் ஒன்றான பின்னும் கிழக்கு மண்ணில் இரண்டாவது ஜெர்மன் சேனை ஒன்று இருக்கும் என்று நம்பிக்கை கொடுத்தார். அவர்கள் நம்பினர். ஜூலை 20-ஆம் தேதி அந்தச் சேனையார் அனைவரும் பழைய பிரமாணத்தை விட்டுப் புதுப் பிரமாணம் செய்தனர். அது 1944-இல் ஹிட்லரைக் கொல்ல அதிகாரிகள் முயன்ற நாள். நல்ல நாள் என்று தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஆனால் நான்கு நாளைக்கு முன்பே காக்கசஸில் கணக்கு முடிந்திருந்தது. 370,000 என்னும் எண்ணில் இரண்டாவது சேனைக்கு இடம் இல்லை.

செப்டம்பர் 24-ஆம் தேதி கிழக்கு ஜெர்மனி வார்ஸா உடன்படிக்கையிலிருந்து விலகியது. அக்டோபர் 2-ஆம் தேதி நள்ளிரவில் தேசிய மக்கள் சேனை இல்லாதாயிற்று. ஒரு குண்டு வெடிக்கவில்லை. மேற்கிலிருந்து வந்த லெப்டினன்ட் ஜெனரல் ஷோன்போம் ஸ்ட்ரௌஸ்பர்க்கில் பொறுப்பேற்றபோது அவர் கையில் வந்தவர் ஏறக்குறைய 90,000 சிப்பாய்கள். ஜெனரல்களும் அட்மிரல்களும் ஒருவர்கூட மிச்சமில்லாமல் முன்பே விலக்கப்பட்டிருந்தனர். அரசியல் அதிகாரிகளும் அப்படியே. மற்றவரில் விண்ணப்பித்தவரைச் சலித்துச் சுமார் 18,000 பேரை இரண்டாண்டு ஒப்பந்தத்தில் எடுத்தனர். நிலையாக நின்றவர் ஏறக்குறைய 11,000. நின்றவரிலும் பலர் ஒரு படி, இரண்டு படி பதவி இறங்கியே நின்றனர். சம்பளமும் மேற்கத்தியரைவிடக் குறைவு. ஒரே ஆண்டுக்குள் பழைய ராஜ்யத்துக்கு ஒரு பிரமாணம், ஜூலையில் ஒரு பிரமாணம், பிறகு புதுச் சேனைக்கு ஒரு பிரமாணம் என்று மூன்றுக்குக் கட்டுப்பட்ட மனிதர்கள் அவர்கள்.

இதில் நியாயம் எது? ஒரு கட்சியின் சர்வாதிகாரத்துக்குக் காவல் நின்ற சேனை அது. எல்லையில் தப்பி ஓடினவரைச் சுட்ட காவலரும் அந்த ராஜ்யத்தின் சீருடைக்காரரே. அத்தகைய சேனையின் தலைமையைப் புதுக் குடியரசு அப்படியே ஏற்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 1989-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் லைப்சிக் வீதியில் எழுபதாயிரம் பேர் திரண்டபோது சேனை சுடவில்லை. 1990-ஆம் ஆண்டு முழுவதும், சுமார் மூன்று லட்சம் டன் வெடிமருந்தையும் 2,300 டாங்கிகளையும் கள்ளச் சந்தைக்குப் போகாமல் பூட்டிக் காத்து, சாவியோடு ஒப்படைத்தவர்கள் அதே அதிகாரிகள். யெமனை நினைத்தால் இது சிறிய காரியமா? 370,000-க்காக ஆறு தேசத்து மந்திரிகள் மாதக்கணக்கில் பேசினர். எண்ணுக்கு வெளியே விழுகிறவர்களுக்காக அந்த மேசையில் ஒரு நாற்காலி போடப்படவில்லை. நாற்பத்தைந்து வயதில், ருஷ்ய பாஷையில் டாங்கி ஓட்டத் தெரிந்த ஒரு மேஜர், ஆலைகளும் மூடிக்கொண்டிருந்த அந்நாட்டில், நாளை எந்த வாசலில் போய் நிற்பான் என்பது உடன்படிக்கையின் எந்த ஷரத்திலும் இல்லை.

மனிதர்க்கு இடம் கிடைத்ததைவிட அவர்கள் ஆயுதங்களுக்கு எளிதில் இடம் கிடைத்தது. கிழக்குக் கடற்படையின் 39 கப்பல்களை இந்தோனேசியா வாங்கிற்று. அவை பால்டிக் கடலைவிட்டு நம் அயல் நீரிணைகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் விலையைப் பற்றி ஜகார்த்தாவில் மந்திரிகளுக்குள் மூண்ட வழக்கை எழுதிய டெம்போ பத்திரிகை 1994 ஜூனில் தடை செய்யப்பட்டது. எங்கோ ஒரு சேனையைக் கலைக்க, இங்கே ஒரு பத்திரிகையின் வாய் அடைபட்ட விந்தை இது. 24 மிக்-29 போர் விமானங்களைக் கூட்டரசுச் சேனை வைத்துக்கொண்டது. பிறகு அவற்றில் 22 விமானங்கள், விமானத்துக்கு ஒரு யூரோ வீதம், போலந்துக்குக் கொடுக்கப்பட்டன. 1939-இல் ஜெர்மன் விமானத்துக்கு அஞ்சிப் பதுங்கு குழியில் இறங்கிய போலந்துக்கு! அவற்றுள் சில, 2023-இல் ஜெர்மனியின் சம்மதத்தோடு உக்ரேனுக்கும் போயின.

370,000 என்னும் உச்சவரம்பை ஜெர்மனி 1994 முடிவுக்குள் எட்டியது. எட்டிய பிறகும் இறக்கம் நிற்கவில்லை. 2011 ஜூலையில் கட்டாயச் சேவையே நிறுத்திவைக்கப்பட்டது. சேனை 180,000 பேரளவில் வந்து நின்றது. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. மூன்றே நாளில், பத்தாயிரம் கோடி யூரோ தனி நிதி சேனைக்காக அறிவிக்கப்பட்டது. எண்ணைக் கூட்ட வேண்டும் என்று அயலாரே இப்போது கேட்கிறார்கள், போலந்தும் கேட்கிறது. பணம் இருக்கிறது, இடம் இருக்கிறது, மாஸ்கோ உடன்படிக்கையிலும் இன்னும் பாதி காலியாகக் கிடக்கிறது. ஆள்தான் கிடைப்பதில்லை.

கிழக்கே 1990-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவரோ அதற்குள் கிழவராகிவிட்டனர். அவர்களுடைய சேவையை ஒன்றுபட்ட ஜெர்மனியின் ஆவணங்களில் ஒரு சொற்றொடரால் குறித்துவந்தார்கள்: அந்நியச் சேனையில் பணியாற்றியவர். சொந்த ஊரில், சொந்த பாஷையில், தகப்பன் வீட்டிலிருந்து பத்து மைலில் பணியாற்றியவனுக்கு அந்நியச் சேனை! 2005-ஆம் ஆண்டில் அந்த வரியை அடித்துவிட்டு, கூட்டரசுச் சேனைக்கு வெளியே பணியாற்றியவர் என்று எழுதத் தொடங்கினார்கள்.